நாற்பதாவது சாயங்காலம்

அளத்துமேட்டில் சாயங்காலம் முதல்முறையாக நாலு நிமிஷம் குறைந்தபோது மனிதர் யாரும் அதைக் கவனிக்கவில்லை, கோழிகள்தான் கவனித்தன. பஞ்சாரத்துக்குத் திரும்பும் வழியில் பாதியிலேயே இருட்டிவிட, அவை தெருவில் நின்றது நின்றபடி கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்த பெண்கள் கோழிகளைத் திட்டினார்களே தவிர வானத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் ஊரில் ஒருவன்தான். உப்பளத்து வரப்பில், இடது கண்ணை மூடி, சாயம் குழைக்கும் தட்டைக் கத்தியைச் சூரியனுக்குக் கொஞ்சம் மேலே நீட்டியபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.

அவன் பெயர் கன்னியப்பன். சினிமா பேனர் வரைந்து, பிறகு கடைப் பலகை எழுதி, பிறகு கோயில் மதிலுக்கு வர்ணம் அடித்து, ஐம்பத்திரண்டாவது வயதில் சவரிராயனின் படப்பட்டறைக்கு வெளிச்சம் வைக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தவன்.

சவரிராயன் புதுச்சேரிக்காரர், பிரான்சில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊருக்கு வடக்கே, முன்பு இறால் உரித்த ஜன்னல் இல்லாத கூடத்தை வாடகைக்கு எடுத்துப் பட்டறை வைத்திருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர் வரைந்த படங்களை, அதே அளவில், அதே எண்ணெய்ச் சாயத்தில், கையாலேயே திரும்ப வரைந்து வெளிநாட்டு ஹோட்டல்களுக்கு அனுப்புவது அங்கே வேலை. வெள்ளைக்காரரின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவருக்குத் துரை என்று பெயராயிற்று. துரை பெரிதாக எதையும் வரைந்துவிடவில்லை. சதுப்பு நிலம், தேங்கிய தண்ணீர், தண்ணீர் நடுவே ஆளில்லாத படகு ஒன்று, அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே சூரியன். ராஜா இல்லை, சண்டை இல்லை, சாமி இல்லை. முதல் நாளே பட்டறை ஆள் தேசிங்கு சொல்லிவிட்டான்: "இந்த ஆளுக்கு வரையறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலியா? நம்ம அளத்த வரைஞ்சு வச்சிருக்கான்."

படம் யார் கையிலும் முழுதாக ஆவதில்லை. தேசிங்கு வானம் போடுவான், அடுத்த மேசையில் தண்ணீர், அதற்கடுத்த மேசையில் புல், செல்லக்கிளி என்ற பெண் படகு மட்டும். கடைசி மேசை கன்னியப்பனுடையது. எல்லாம் இருந்தும் செத்துப்போன முகம் மாதிரி வந்து சேரும் படத்தில் அவன் சூரியனை வைக்க வேண்டும், அது தண்ணீரில் விழுந்து நீளுவதை வைக்க வேண்டும், புல் நுனிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை வைக்க வேண்டும், வைத்ததை விரிந்த மயிர்த் தூரிகையால் நீவி நீவிக் கை பட்ட தடமே இல்லாமல் ஆக்க வேண்டும். துரையின் படங்களில் தூரிகை போன வழி தெரியாது. யாரும் வரையாமல் தானாக வந்து நின்ற மாதிரி இருக்கும்.

முதலில் அனுப்பிய படங்கள் திரும்பி வந்தன. கூடவே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். சவரிராயன் படித்துச் சொன்னார்: "வெளிச்சம் பொய்யா இருக்குதாம்."

கன்னியப்பனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பார்த்து வரைவதற்கு அவனிடம் இருந்தவை கம்ப்யூட்டரில் அச்சடித்த மூன்று தாள்கள். ஒன்றில் சூரியன் மஞ்சளாக இருந்தது, ஒன்றில் காவியாக, ஒன்றில் பழுத்த பப்பாளி நிறத்தில். இதில் எது துரை பார்த்தது? துரை செத்துவிட்டார், அவரைக் கேட்க முடியாது. துரை பார்த்த சூரியன் சாகவில்லையே என்று நினைத்தவன், கத்தியையும் சாயக் குழாய்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அளத்துக்குப் போனான்.

வெறும் கண்ணால் பார்த்துக் கலந்தால் மனசு ஏமாற்றிவிடும். அதனால் கலந்ததைக் கத்தி நுனியில் எடுத்து, வானத்தில் அந்த நிறம் இருக்கும் இடத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். நுனி கருத்துத் தெரிந்தால் ஒரு பொட்டு வெள்ளை, வெளுத்துத் தெரிந்தால் ஒரு பொட்டு காவி. சாயம் எது வானம் எது என்று தெரியாமல் நுனி காணாமல் போனால் அதுதான் சரியான கலவை. எட்டு நாள் நுனி தெரிந்தது. ஒன்பதாம் நாள் காணாமல் போனது. கையை இறக்கியபோது நுனியில் இருந்தது சாயம் இல்லை. அது லேசாகச் சுட்டது, பால் தம்ளர் சுடுகிற மாதிரி. அதைச் சிந்தாமல் நடந்து பட்டறைக்குக் கொண்டுவந்து படத்தில் வைத்து நீவினான். அன்றைக்குத்தான் கோழிகள் தெருவில் உட்கார்ந்தன.

மறுநாள் மதியம் மின்சாரம் போனபோது கூடம் இருட்டவில்லை. சுவரில் சாத்தியிருந்த அந்தப் படம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பட்டறையில் இருந்த இருபத்துமூன்று பேரும் தூக்குகளைத் திறந்து, முள் பார்த்து மீன் தின்றார்கள். சவரிராயன் வந்து படத்துக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"இது எப்படிய்யா வந்துச்சு?"

"மேட்ச் ஆயிடுச்சுங்க."

"இன்னும் வருமா?"

"சாயங்காலம் இருந்தா வரும்ங்க."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, கன்னியப்பனும் சொல்லவில்லை. நாற்பது படங்களுக்கு ஆர்டர் வந்தது.

அவன் மனைவி அஞ்சலாட்சி அதே அளத்தில் உப்பு வாரினாள். பதினெட்டு வயதிலிருந்து வெள்ளை வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அவள் கண் கெட்டிருந்தது. வெளிச்சம் தாழ்ந்துவிட்டால் மனிதர், மாடு, மரம் எதுவும் தெரியாது, வெளிச்சமும் அதில் விழும் தன் நிழலும் மட்டும் தெரியும். கன்னியப்பன் வாங்கிக் கொடுத்த டார்ச் லைட்டை அவள் தொடவில்லை, அது கண்ணில் ஊசி மாதிரி குத்துகிறது என்றாள். அவளுக்கு அவள் நிழல் போதும். ஊர் கிழக்கே, அளம் மேற்கே, அளத்துக்கும் மேற்கே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பழைய கால்வாய். அளத்தில் மணி அடிப்பதில்லை. உப்புக் குவியல் மஞ்சளானால் வேலை முடிந்தது என்பது அவள் மாமியார் காலத்துக்கும் முந்தைய ஏற்பாடு. குவியல் மஞ்சளானதும் அவள் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, வரப்பில் முன்னால் விழும் நிழலின் தலையை மிதிக்கப் போகிறவள் மாதிரி நடப்பாள். நடந்தால் மதகு, மதகு தாண்டினால் தெரு, தெருவில் மூன்றாவது வீடு.

"தெனம் எனக்கு முன்னாடி அவதான் வூட்டுக்கு வர்றா," என்பாள், வாசலில் காலைக் கழுவிக்கொண்டே. "வந்தவ ஒரு ஒலை வச்சா ஆகாதா? எல்லாம் நான் வந்துதான் செய்யணும். சோம்பேறி."

"உன் நெழல்தானே, உன்னாட்டம்தான் இருக்கும்."

"ஆமாமா. அவள ஒங்க பட்டறைக்கு அனுப்பறேன்யா, கருப்புச் சாயமாவது மிச்சமாவும்."

ஒவ்வொரு படத்துக்கும் சாயங்காலத்தில் நாலைந்து நிமிஷம் போயிற்று, போனது திரும்பவில்லை. ஊர் அதற்கேற்ப உட்காரவும் எழுந்திருக்கவும் பழகிக்கொண்டது. பக்கத்து ஊர்களில் பொழுது வழக்கம்போலச் சாய்ந்துகொண்டிருக்க, பேருந்து ஓட்டுநர் அளத்துமேட்டு எல்லையில் உள்ள பாலத்தில் ஏறும்போது விளக்கைப் போட்டு, ஊரைத் தாண்டி இறங்கும்போது அணைத்தார். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக்கூடாது என்று இருந்த பெண்கள், இப்போது எப்போது விளக்கு வைப்பது, எப்போது கூட்டுவது என்று தெரு நீளத்துக்குச் சண்டை போட்டு, கடைசியில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். சிவன் கோயில் குருக்கள் பிரதோஷத்தைக் கடிகாரம் பார்த்து இருட்டிலேயே செய்தார், நந்திக்கு ஊற்றிய பால் தரையில் எந்தப் பக்கம் ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை. முல்லை மொட்டாகவே வாடியது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிட, பெண்ணின் முகத்தைப் பார்த்தோமா இல்லையா என்று திரும்பிப் போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டு போனார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து ஏறிப் பக்கத்து ஊர் ஏரிக்கரைக்குப் போய், அந்த ஊர்ச் சாயங்காலத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நம்முடையது மாதிரி இல்லை என்றார்கள். பிறகு அப்படிச் சொல்வதும் நின்றுபோனது.

இருபத்தைந்தாவது படம் முடிந்தபோது அளத்துப் பெண்கள் பஞ்சாயத்தைக் கூட்டச் சொன்னார்கள். அஞ்சலாட்சியோடு வேலை செய்யும் பச்சையம்மா எழுந்து நின்றாள்.

"உப்பு மஞ்சளாகி நாங்க மதகுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுது. பாம்பு இருக்குது, சேறு இருக்குது. ராத்திரி வேணாம்னா சொல்றோம்? சாயங்காலமும் வேணும்ங்கறோம்."

தலைவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "பட்டறையால இருபத்துமூணு வூட்ல அடுப்பு எரியுது. சாயங்காலத்த வச்சுக்கினு நீ இன்னா பண்ணப் போற? துன்னுவியா?"

"நடப்பேன்," என்றாள் பச்சையம்மா. "வூட்டுக்கு நடப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தான். அவன் ஏன் சிரித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. கூட்டம் சிரிக்கும்போது வாய் தானாகத் திறந்துகொண்டது. பெண்கள் பக்கத்திலிருந்து அஞ்சலாட்சியின் முகம் மட்டும் அவன் சிரிப்பு வந்த திசைக்குத் திரும்பியது.

வீட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கேட்டாள்: "நீயும் சிரிச்சியா?"

"எல்லாரும்தான் சிரிச்சாங்க."

"நான் எல்லாரையும் கேக்கல."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, நிறுத்திவிடட்டுமா என்றான். அதைக் கேட்கும்போதே, நிறுத்தாதே என்று அவள் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் ஒருவன் குந்தி உட்கார்ந்து காத்திருந்ததை அவன் அறிவான். அவளும் அறிந்திருக்க வேண்டும்.

"நிறுத்திட்டு? மறுபடி மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவியா?" என்றாள். "மொதமொத ஒன் கைல நெசமா ஒண்ணு வந்திருக்குது. அத ஒருநாள் எனக்குக் காட்டு."

காட்டினான். அடுத்த நாள் அவள் கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மின்விளக்குகளை அணைத்துவிட்டு, முடிந்த படம் ஒன்றின் மேலிருந்த துணியை விலக்கினான். அவள் புல்லைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள், இது யாருடைய படகு என்று கேட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே, வழக்கம்போல, படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். எதிர்ச் சுவரில் நீளமாக விழுந்திருந்தது அவள் நிழல்.

"இங்கயும் வந்துட்டாளா," என்று சிரித்தாள். அதைப் பார்த்து அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதனாலேயே பின்னால் அவனால் அதை நினைக்க முடியாமல் போயிற்று.

அதன் பிறகு அவன் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டான். கத்தியை உயர்த்தினால் அன்றைய பொழுதின் மிச்சம் அந்த நொடியே போய்விடும் என்பதால், அளத்துப் பெண்கள் பதினொரு பேரும் மதகு தாண்டிய பிறகுதான் உயர்த்துவது. மதகின் மேலேயே நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினான். அஞ்சலாட்சி தாண்டும்போது, தாண்டிட்டேன் என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போவாள். படங்கள் முப்பதைத் தாண்டிப் போகப் போகச் சாயங்காலம் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குச் சுருங்கியது. குவியல் மஞ்சளாகும் முன்பே பெண்கள் கிளம்பினார்கள், மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். விதி இருக்கிறது, விதி இருக்கும்வரை யாருக்கும் எதுவும் ஆகாது என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாளைக்குக் குறையப்போவதை இன்றைக்கு ஒரு விதி எப்படித் தடுக்கும் என்று கேட்க அவனுக்குள் ஒருவன் இருந்தான். அவனைக் கன்னியப்பன் பேசவிடவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நாற்பதாவது படம் மட்டும் பாக்கி. மேற்கேயிருந்து அடித்த மேல்காற்று மண்ணை அள்ளிக் கிழக்கே கடல் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் லாரி என்ஜினை அணைக்காமல் நின்றது. கத்தியோடு பட்டறைக்கு நடக்கும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க, சவரிராயன் படத்தையே மதகுக்குத் தூக்கிவரச் செய்திருந்தார். நாலு முழ அகலப் படம், வானமும் தண்ணீரும் புல்லும் படகும் இருந்தன, சூரியன் இல்லை.

"இது ஒண்ணுதான் கன்னியப்பன். இதோட அந்த ஆள் படம் முடிஞ்சுது. அடுத்து ராத்திரிய வரையற ஆளு யாராச்சும் இருந்தாப் பாக்கலாம்."

"அவங்க தாண்டட்டும்ங்க."

"தாண்டட்டும், நான் ஒண்ணும் சொல்லலியே." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெண்கள் வந்தார்கள். காற்றுக்கும் மண்ணுக்கும் பயந்து எல்லோரும் முந்தானையை இழுத்து முகத்தைச் சுற்றிக்கட்டியிருந்தார்கள். கன்னியப்பன் கலந்துகொண்டே எண்ணினான். வானத்தின் மஞ்சள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் அவன் கலவை ஓடியது. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்று. தோளில் யாரும் தட்டவில்லை என்பது அவனுக்குத் தெரிந்ததா? தெரிந்தது. காற்றில் அவசரமாகப் போயிருப்பாள் என்று நினைத்தான். திரும்பி ஒரு தடவை முகங்களைப் பார்த்திருக்கலாம், ஆனால் ஒரு கண்ணை அதற்குள் மூடிவிட்டிருந்தான்.

கத்தியை உயர்த்தினான். நுனி காணாமல் போனது, அலகு காணாமல் போனது, கைப்பிடியும் பிடித்த விரல்களும் காணாமல் போயின. மிச்சம் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான், நாளைக்கென்று ஒரு கீற்றாவது. ஒன்றும் மிஞ்சவில்லை. பானையைக் கவிழ்த்த மாதிரி அளம் முழுக்க இருட்டியது.

அந்த இருட்டில், கை பழகிய பழக்கத்தில், அவன் வெளிச்சத்தைப் படத்தில் வைத்து நீவினான். படம் எரியத் தொடங்கியது. முன்பு எந்தப் படமும் அப்படி எரிந்ததில்லை. அந்த ஒளியில் மதகடியில் நின்ற பெண்கள் முகத்துணியை அவிழ்த்தார்கள். பதினொன்றாவது முகம் மேஸ்திரியின் மனைவியுடையது. ஊறுகாய்க்குக் கல்லுப்பு அள்ளிக்கொண்டு போக வந்தவள், இடுப்பில் கூடையோடு நின்றாள்.

"அஞ்சல எங்க?" என்றான்.

"ஐயோ, அண்ணே," என்றாள் பச்சையம்மா. "உப்பு வார்ற பலகைய மறந்துட்டேன்னு திரும்பப் போனாளே. கூட வரேன்னு சொன்னேன். நீங்க போங்கடி, எனக்குத்தான் முன்னாடி ஒருத்தி போறாளேன்னா."

பச்சையம்மா கைபேசி விளக்கைப் போட்டாள், அது பத்தடிக்கு மேல் போகவில்லை. கன்னியப்பன் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, வெளிச்சம் மேற்கே பார்க்க மார்போடு பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினான். வெளிச்சம் பாத்தி பாத்தியாகத் தாவிப் போய் அளத்தை விரித்தது. உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. தூரத்தில், நடு வரப்பில், தோளில் உப்புப் பலகையைச் சாய்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். அவன் பக்கம் பார்த்துத்தான் நின்றாள். அவள் முகம் மஞ்சளாக, தெளிவாகத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விடும் முகம்.

"இங்க வா!" என்று கத்தினான். "வெளிச்சத்தப் பாத்து வா!"

அவள் திரும்பினாள். முப்பது வருஷமாகச் செய்த மாதிரியே வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, முன்னால் நீண்டு விழுந்த நிழலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

பெண்கள் மதகில் நின்று அலறினார்கள். மேல்காற்று எல்லாக் குரல்களையும் பிடுங்கிக் கடலுக்குக் கொண்டுபோனது. காற்று முதுகில் அடிக்காமல் முகத்தில் அடிப்பதை அவள் கவனித்திருப்பாள். காற்று திசை மாறும், சூரியன் மாறாது என்று நினைத்திருப்பாள். கன்னியப்பன் ஓடினான். அவன் நெருங்க நெருங்க வெளிச்சம் பெருகியது, நிழல் கருத்துத் திருத்தமானது, வழி நன்றாகத் தெரிந்ததால் அவள் எட்டிப் போட்டு நடந்தாள். வீட்டுக்குப் போகிற நடை அது, வேலை முடிந்த நடை, அவனுக்கு நன்றாகத் தெரிந்த நடை. வரப்பு முடிந்த இடத்தில் முதலில் நிழல் கால்வாய்க்குள் இறங்கியது, தண்ணீரின் மேல் மடங்கிக்கொண்டு. அவளும் அதைத் தொடர்ந்தாள்.

படத்தோடு அவனும் குதித்தான். அவன் கைக்கு அவள் அகப்படவில்லை.

விடிந்த பிறகு வலைக்காரர்கள் அவளை எடுத்தார்கள். படமும் கிடைத்தது. வானமும் தண்ணீரும் புல்லும் செல்லக்கிளியின் படகும் அப்படியே இருந்தன, சூரியன் இருந்த இடத்தில் மட்டும் வெறும் துணி. குழிக்குள் அவளை இறக்கும்போது கன்னியப்பன் மடியிலிருந்து தட்டைக் கத்தியை எடுத்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவன் வேலைக்குப் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தான். படத்தை ஏன் மூடவில்லை? ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தால் அவள் இருட்டில் நின்றிருப்பாள், நின்ற இடத்தில் உட்கார்ந்திருப்பாள், போய்க் கையைப் பிடித்திருக்கலாம். இதைச் சுற்றிச் சுற்றி நினைத்தான். ஓடும்போது அந்த யோசனை வரவில்லையா, அல்லது வந்ததா? வந்து, முடிந்த படத்தை மூட மனம் வராமல், கை அதைத் தூக்கிப் பிடித்ததா? அவளுக்கு வழி காட்டவா பிடித்தான், தான் செய்ததை அவளுக்குக் காட்டவா? பட்டறைச் சுவருக்கு முன்னால் அவள் திரும்பி நின்றதைப் பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். பதில் சொல்ல வேண்டியவன் உள்ளே குந்தி உட்கார்ந்தபடி வாயைத் திறக்கவில்லை.

கருமாதி முடிந்த நாள் குவியல் மறுபடி மஞ்சளாயிற்று. வெளிச்சம் வானத்திலிருந்து வரவில்லை. கால்வாய்த் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து, கரைமேல் ஏறி, அளத்தின் மேல் படுத்தாற்போலப் பரவி, மதகைத் தாண்டித் தெரு வரைக்கும் வந்தது. டீ குடிக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், மதகுக்கு நடந்து வரச் சரியாகப் போதும். பத்துப் பெண்களும் வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, முன்னால் நிழல் விழ, வீட்டுக்கு நடந்தார்கள். கோழிகள் மறுபடி பஞ்சாரத்துக்கு வழி கண்டுபிடித்தன. ஒரு வாரத்தில் ஊருக்கு அது பழகிவிட்டது. வீடு கூட்டும் நேரத்தைப் பற்றி மறுபடி சண்டை வந்தது. பேருந்து ஓட்டுநர் பாலத்தில் விளக்கைப் போடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுப் போட்டார். கால்வாயில் மட்டும் யாரும் வலை போடவில்லை.

வெளிச்சம் திரும்பி வந்த பத்தாம் நாள் தேசிங்கு வந்தான். வந்தவன் உட்காராமல் வாசலில் நின்றான்.

"மச்சான், மொதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு."

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"கால்வாய்ல வருதே, அது. அத மேட்ச் பண்ண முடியுமான்னு. ஹோட்டல்காரன் ஒரு படம் குறையுதுன்னு சத்தம் போடறானாம்."

"கத்தி அவகிட்ட இருக்குது," என்றான் கன்னியப்பன்.

தேசிங்கு கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினான். "வேற கத்தி வாங்கலாம்பாரு மச்சான்."

"சொல்லுவாரு."

தேசிங்கு மேற்கே பார்த்தான். வெளிச்சம் வரும் நேரமாகிவிட்டிருந்தது. மச்சானுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்று முனகிவிட்டு, அது வருவதற்குள் போய்விட வேண்டும் என்பவன் மாதிரி வேகமாக நடந்தான்.

கால்வாய் எரிந்தது. தெரு மஞ்சளாயிற்று. பச்சையம்மா போனாள், அவள் நிழல் அவளுக்கு முன்னால் போனது. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகப் பத்துப் பேரும் போனார்கள், கன்னியப்பன் எண்ணினான். இந்தத் தடவை முகங்களைப் பார்த்து எண்ணினான். பத்தாவது பெண் தெருக்கோடியில் திரும்பியதும் தெரு காலியானது. அதன் பிறகு, தினமும் வருவது போல, கொஞ்சம் பிந்தி, மதகுப் பக்கமிருந்து தோளில் பலகை சாய்த்த நிழல் ஒன்று தரையோடு தரையாக வந்தது. அதற்குப் பின்னால் யாரும் வரவில்லை. முதல் வீட்டைத் தாண்டியது, இரண்டாவது வீட்டைத் தாண்டியது, மூன்றாவது வாசலில் படிக்குக் குறுக்கே நீட்டியிருந்த அவன் கால்களுக்கு முன்னால் வந்து நின்றது.

அவன் காலை மடக்கி வழி விட்டான். நிழல் படியேறி உள்ளே போனது. உள்ளே, அடுப்பில் அவன் வைத்திருந்த உலை கொதிக்க ஆரம்பித்திருந்தது.